ஜென் இசட், பூமர், 90ஸ் கிட்ஸ்: தலைமுறைக்குப் பெயர் வைப்பது யார்?

2025 செப்டம்பர் 8-ம் தேதி நேபாளத்தில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். முதல் நாளிலேயே 19 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். செய்திகள் எல்லாம் இதை ‘ஜென் இசட் போராட்டம்’ என்றே எழுதின. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் வங்கதேசத்தை விட்டு ஷேக் ஹசீனா வெளியேறியபோதும் இதே பெயர் அடிபட்டது. இரண்டுக்கும் நடுவே, 2025 ஜனவரி 1 அன்று மிசோரத்தில் பிறந்த ஒரு குழந்தையை ‘இந்தியாவின் முதல் ஜென் பீட்டா குழந்தை’ என்று செய்தி வெளியிட்டார்கள். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைக்கு ஒரு தலைமுறைப் பெயர் தயாராக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இயல்பாக எழும் கேள்விகள் சில உண்டு. இந்தப் பெயர்களை யார் முடிவு செய்கிறார்கள்? 1996-ல் பிறந்தவர் ஒரு தலைமுறை, 1997-ல் பிறந்தவர் வேறு தலைமுறை என்பதற்கு அறிவியல் ஆதாரம் ஏதும் உண்டா? அமெரிக்காவில் வைத்த பெயர் நமக்குப் பொருந்துமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ‘தலைமுறை’ என்றால் என்ன?

குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறோம்.

1. குடும்பத் தலைமுறை. தாத்தா, அப்பா, மகன் என்று இறங்கும் வரிசை. ‘ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம்’ என்று சொல்வது இந்தப் பொருளில்தான். இதற்குப் பிறந்த ஆண்டு முக்கியமில்லை. தன்னைவிட வயதில் சிறிய சித்தப்பா இருப்பவர்கள் நம் வீடுகளில் நிறைய.

2. புலம்பெயர்ந்தவர்களின் தலைமுறை. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஈழத் தமிழர்கள் ‘இரண்டாம் தலைமுறை’ என்று சொல்வது அங்கேயே பிறந்த பிள்ளைகளை. பிள்ளைப் பருவத்தில் போய்ச் சேர்ந்தவர்களை ‘ஒன்றரைத் தலைமுறை’ என்பார்கள். சமூகவியலாளர் ரூபன் ரம்பாட் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது.

3. ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து, ஒரே காலத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் போன கூட்டம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் எண்ணிக் கணக்கிடுவது இதைத்தான்.

மூன்றாவது பொருளுக்குப் பேச்சுத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: செட்டு. ‘அவன் எங்க செட்டு’ என்றால் உறவு, சாதி, வசதி எதையும் சொல்லவில்லை; ஒரே சமயத்தில் வளர்ந்தோம் என்று மட்டும்தான் பொருள். ஜென் இசட், மில்லினியல், பூமர் எல்லாமே செட்டுகளின் பெயர்கள். தலைமுறை என்று அழைப்பதால்தான் அவற்றுக்கு ரத்த உறவு போன்ற ஓர் உறுதி வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் துல்லியம் தேவைப்படும் இடங்களில் செட்டு என்றே எழுதுகிறேன்.

ஒரே ஆண்டில் பிறந்துவிட்டால் மட்டும் ஒரு செட்டு உருவாகிவிடாது. இதை 1928-லேயே தெளிவாக எழுதியவர் ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம். ஒரே காலத்தில் பிறப்பது ஒரு வாய்ப்பை மட்டுமே தருகிறது என்றார் அவர். இளம் வயதில் ஒரு பெரிய நிகழ்வு அவர்களை உண்மையிலேயே தொட வேண்டும். அப்படித் தொட்டாலும் எல்லோரும் ஒரே பக்கம் நிற்க மாட்டார்கள்; ஒரே நிகழ்வுக்கு எதிரெதிராகப் பதில் சொல்லும் குழுக்களும் அந்தச் செட்டுக்குள்ளேயே இருக்கும். நகரத்தின் கொந்தளிப்பு எட்டாத ஒரு விவசாயியின் மகன், அதே வயது நகரத்து மாணவனோடு ஒரே ஆண்டில் பிறந்திருக்கலாம். அந்த நிகழ்வைப் பொறுத்தவரை இருவரும் ஒரே தலைமுறை இல்லை என்பது அவருடைய வாதம்.

இன்றைய பெயர்கள் பெரும்பாலும் இந்த வாதத்தின் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. பிறந்த ஆண்டைக் கேட்கின்றன, அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை.

எண்ணிப் பார்த்து வைத்த ஒரே பெயர்

இந்த வரிசையில் கணக்கின் மேல் நிற்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: பேபி பூமர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் சுமார் 28.6 லட்சம். அடுத்த ஆண்டே அது 34 லட்சத்தைத் தாண்டியது. 1957-ல் 43 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது. 1964 வரை ஆண்டுக்கு 40 லட்சத்துக்குக் குறையாமல் இருந்து, 1965-ல் சுமார் 37.6 லட்சமாக இறங்கியது. வரைபடத்தில் போட்டால் நடுவில் ஒரு மேடு தெளிவாகத் தெரியும். அந்த மேட்டுக்குள் பிறந்தவர்கள் ஏறக்குறைய 7.6 கோடி பேர்.

‘பூம்’ என்பது அந்த மேட்டைக் குறிக்கும் சொல். அந்தக் குழந்தைகளின் குணத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடம் எத்தனை கட்ட வேண்டும், கல்லூரியில் எத்தனை இடம் வேண்டும், அவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றால் ஓய்வூதிய நிதி தாங்குமா என்ற கேள்விகளுக்காக அரசு அந்தச் செட்டைத் தனியாக எண்ண வேண்டியிருந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு அதிகாரபூர்வமாக எல்லை வகுத்த செட்டும் இது மட்டும்தான்.

அமெரிக்காவுக்கு வெளியே போனால் இந்த எல்லையும் மாறிவிடுகிறது. பிரிட்டனில் பிறப்பு எண்ணிக்கை 1947-லும் 1964-லும் இரண்டு உச்சங்களைத் தொட்டது. ஜப்பானில் மேடு மூன்றே ஆண்டு: 1947 முதல் 1949 வரை. அதற்குள் சுமார் 80 லட்சம் குழந்தைகள். அவர்களை ‘தான்காய்’, அதாவது திரள் தலைமுறை என்கிறார்கள். 1976-ல் வெளிவந்த ஒரு நாவலின் தலைப்பிலிருந்து வந்த பெயர்.

இந்தியாவில் அப்படி ஒரு மேடே இல்லை. 1951-ல் 36 கோடியாக இருந்த மக்கள்தொகை 1971-ல் 54.8 கோடி ஆனதற்குக் காரணம், திடீரென்று அதிகம் பேர் பிறந்தது அல்ல. பிறப்பு விகிதம் ஏற்கெனவே உயரத்தில்தான் இருந்தது. குழந்தைகள் சாவது குறைந்தது. மலேரியா, அம்மை போன்றவற்றின் பிடி தளர்ந்தது. 1955-ல் மதுரையில் பிறந்த ஒருவரைப் ‘பூமர்’ என்று அழைக்கும்போது, அவர் ஊரில் நடக்காத ஒரு பிறப்புப் பெருக்கத்தின் பெயரைத்தான் அவருக்குச் சூட்டுகிறோம். நம் ஊர்ப் பேச்சில் இப்போது ‘பூமர் அங்கிள்’ என்பது பழைய கருத்துக்காரர் என்ற வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 30 வயதுக்காரரையும் அப்படிச் சொல்கிறார்கள். பிறந்த ஆண்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் இருந்த தொடர்பே இங்கே அறுந்துவிட்டது.

எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் வைத்த பெயர்கள்

பூமருக்கு முன்னும் பின்னும் உள்ள பெயர்கள் வேறு வழியில் வந்தவை. கணக்கெடுப்பு எதுவும் இல்லாமல், ஒருவர் சொன்ன வாக்கியம் பரவி நிலைத்தவை.

முதல் உலகப்போரில் இளைஞர்களாக இருந்தவர்களை ‘தொலைந்த தலைமுறை’ என்கிறார்கள். 1926-ல் வந்த தன் நாவலின் முகப்பில் ஹெமிங்வே அதை மேற்கோளாகப் போட்டார். பாரிஸில் வாழ்ந்த எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் சொன்னது என்று குறிப்பிட்டார். அதன் பின்கதையையும் அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஸ்டைனின் காரைச் சரியாகப் பழுது பார்க்காத ஓர் இளம் மெக்கானிக்கை, கராஜ் முதலாளி அப்படித் திட்டினாராம். போர்முனையிலிருந்து திரும்பிவந்த தொழிலாளிப் பையன்மேல் விழுந்த ஒரு வசவு, இலக்கிய வரலாற்றில் ஒரு தலைமுறையின் பெயராக உட்கார்ந்துவிட்டது.

அடுத்து ‘மௌனத் தலைமுறை’. 1951 நவம்பரில் டைம் இதழ், அன்றைய இளைஞர்கள் எதற்கும் குரல் கொடுக்காமல் வேலையுண்டு வீடுண்டு என்று இருப்பதாக எழுதியது. அதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்தப் பெயருக்குள் வைக்கப்படுகிறவர்கள் 1928 முதல் 1945 வரை பிறந்தவர்கள். மார்ட்டின் லூதர் கிங் 1929-ல் பிறந்தவர். பாப் டிலன் 1941. முகமது அலி 1942. அமெரிக்காவின் மனசாட்சியை உலுக்கிய குரல்கள் பலவும் இந்த ‘மௌன’ செட்டுக்குள்தான் இருக்கின்றன. 1951-ல் இளைஞர்களைப் பார்த்து எழுதியவருக்கு, நான்கே ஆண்டில் மாண்ட்கோமரி நகரத்தில் கறுப்பின மக்கள் நிறப்பாகுபாட்டுக்கு எதிராக நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு வரப்போவது தெரிந்திருக்க வழியில்லை. இருபது வயதில் ஒரு செட்டைப் பார்த்துப் பெயர் வைத்தால் இதுதான் நடக்கும். அவர்கள் வாழ்க்கை இன்னும் தொடங்கியே இருக்காது.

‘ஜெனரேஷன் எக்ஸ்’ பெயரின் கதை இன்னும் விசித்திரம். 1950-களின் தொடக்கத்தில் புகைப்படக் கலைஞர் ராபர்ட் காப்பா, போருக்குப் பின் இருபது வயதைத் தொட்டவர்களைப் பல நாடுகளில் படமெடுத்து, அந்தத் தொகுப்புக்கு இந்தப் பெயரை வைத்தார். 1964-ல் பிரிட்டனில் பதின்ம வயதினரைப் பேட்டி கண்டு எழுதிய ஒரு புத்தகத்துக்கும் இதே பெயர். 1976-ல் பாடகர் பில்லி ஐடலின் ராக் குழு அந்தப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. கடைசியாக 1991-ல் கனடா எழுத்தாளர் டக்ளஸ் கூப்லண்டின் நாவல் இதே பெயரில் வந்தபோதுதான், பூமர்களுக்கு அடுத்து வந்தவர்களுக்கு அது நிலையாக ஒட்டியது. ஆக, நாற்பது ஆண்டுகளில் ஒரே பெயர் மூன்று வெவ்வேறு செட்டுகளின்மேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி ஜென் எக்ஸ் 1965-ல் தொடங்குகிறது. கூப்லண்ட் பிறந்தது 1961-ல். பெயரைப் பிரபலப்படுத்தியவரே அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

இங்கே எக்ஸ் என்பது அகரவரிசையில் வரும் எழுத்தாக வைக்கப்பட்டதில்லை. கணிதத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவதுபோல, ‘இன்னதென்று பிடிபடாதவர்கள்’ என்ற பொருளில் வைத்தது. அதை வரிசை எழுத்தாகப் படித்ததால்தான் அடுத்தடுத்த பெயர்கள் பிறந்தன.

ஒய், இசட், ஆல்ஃபா, பீட்டா: வரிசையில் வந்த பெயர்கள்

எக்ஸுக்கு அடுத்து ஒய். 1993-ல் அமெரிக்க விளம்பரத் துறையின் வார இதழான அட்வர்டைசிங் ஏஜ் ‘ஜெனரேஷன் ஒய்’ என்று எழுதியது. இந்த வரிசைப் பெயர் விளம்பரத் துறையின் இதழிலிருந்து புறப்பட்டதைக் கவனிக்க வேண்டும். பொருள் விற்கிறவர்களுக்கு மக்களைக் கட்டம் கட்டிப் பிரிப்பது அன்றாட வேலை. பெயர் இருந்தால்தான் அந்தக் கட்டத்துக்கு விளம்பரம் செய்ய முடியும்.

ஆனால் ஒய் நிலைக்கவில்லை. வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரு அமெரிக்க எழுத்தாளர்கள் முன்வைத்த ‘மில்லினியல்’ என்ற பெயர் அதை ஓரங்கட்டியது. 1982-ல் பிறந்த பிள்ளைகள் 2000-ல் பள்ளிப் படிப்பை முடிப்பார்கள் என்பதுதான் அந்தப் பெயரின் அடிப்படை. இருவரும் 1991-ல் எழுதிய புத்தகத்தில், அமெரிக்க வரலாறு முழுவதும் நான்கு வகைத் தலைமுறைகள் சுழற்சியாக மாறி மாறி வருவதாக ஒரு பெரிய கோட்பாட்டையே வகுத்தார்கள். எந்த நிகழ்வு நடந்தாலும் அதற்கேற்ப வளைத்துக்கொள்ளக்கூடிய கோட்பாடு அது, பொய் என்று நிரூபிக்கவே வழியில்லாதது என்பது ஆய்வாளர்களின் முக்கியமான எதிர்ப்பு. எனக்கும் அந்த எதிர்ப்பு நியாயமாகவே படுகிறது. இருவரும் பின்னர் இதே பொருளில் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்தையும் நடத்தினார்கள்.

ஜென் இசட் என்பது எக்ஸ், ஒய்யின் தொடர்ச்சி மட்டுமே. ஐஜென், ஹோம்லேண்டர், போஸ்ட் மில்லினியல், ஸூமர் என்று போட்டிப் பெயர்கள் இருந்தன. மக்கள் நாவில் நின்றது இசட்.

எழுத்துகள் தீர்ந்துபோனதும், ஆஸ்திரேலியாவின் மார்க் மெக்ரிண்டில் கிரேக்க எழுத்துகளுக்குப் போனார். அவர் சமூகப் போக்குகளை ஆராய்ந்து நிறுவனங்களுக்குச் சொல்பவர். அவர் காட்டிய முன்மாதிரி 2005-ம் ஆண்டின் அட்லாண்டிக் புயல்கள்: அந்தப் பருவத்தில் பட்டியலில் இருந்த பெயர்கள் தீர்ந்து, வானிலை ஆய்வாளர்கள் ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது. அவர் கணக்கில் 2010 முதல் 2024 வரை ஜென் ஆல்ஃபா, 2025 முதல் 2039 வரை ஜென் பீட்டா. அப்புறம் காமா. மிசோரக் குழந்தைக்குப் பெயர் காத்திருந்தது இதனால்தான். 2039-ல் பிறக்கப்போகும் குழந்தைக்கும் பெயர் தயார். அவர்கள் எந்தப் போரை, எந்த நோயை, எந்தக் கண்டுபிடிப்பைப் பார்த்து வளர்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. மன்ஹைம் சொன்ன நிகழ்வு எதுவும் இந்தப் பெயருக்குத் தேவைப்படவில்லை. நாட்காட்டி போதும்.

கோடு எங்கே விழுகிறது?

செய்திகளில் அதிகம் வரும் எல்லைகள் வாஷிங்டனில் உள்ள பியூ ஆய்வு மையத்துடையவை. 2019-ல் அந்த மையம் மில்லினியல் என்பதற்கு 1981 முதல் 1996 வரை என்று கோடு போட்டது. 1997 முதல் ஜென் இசட். காரணம் என்ன? 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது மில்லினியல்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் இருந்தார்கள். அதன் பொருள் புரியும் வயது. 1997-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த நினைவு மிக மங்கலாக இருக்கும் அல்லது இருக்காது. கூடவே, எக்ஸுக்கு 16 ஆண்டு என்பதால் மில்லினியலுக்கும் 16 ஆண்டு என்று வைத்தார்கள். இது துல்லியமான அறிவியல் இல்லை, ஆய்வுக்கு ஒரு வசதி என்று அவர்களே அப்போது எழுதினார்கள். செய்தியாகப் பரவியபோது அந்த வரி உதிர்ந்துபோனது.

வேறொருவர் வேறு இடத்தில் கோடு போடலாம் என்பதற்கு நமக்குத் தெரிந்த இருவரைப் பார்த்தால் போதும். மகேந்திர சிங் தோனி பிறந்தது 1981 ஜூலை 7. பியூ கணக்கில் மில்லினியல். ஸ்ட்ராஸும் ஹோவும் 1982-ல்தான் மில்லினியலைத் தொடங்குவதால் அவர்கள் கணக்கில் எக்ஸ். பி.வி. சிந்து பிறந்தது 1995 ஜூலை 5. பியூ கணக்கில் மில்லினியல், 1995-ல் இசட் தொடங்கும் மெக்ரிண்டில் கணக்கில் ஜென் இசட். இருவரும் மாறவில்லை, கோடுதான் நகர்கிறது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. கோட்டுக்கு நியாயம் சொல்லும் நிகழ்வு நியூயார்க்கில் நடந்தது. அதே 2001-ல் தருமபுரியில் ஆறு வயதில் இருந்த பிள்ளையின் வாழ்க்கையை அது எந்த அளவுக்குத் திருப்பியது? நாகப்பட்டினம் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு 2004 டிசம்பர் 26 என்ற தேதிதான் வாழ்க்கையைப் பிளந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்தவர்களுக்கு 1983-ம் 2009-ம். அவற்றை வைத்துக் கோடு போட்டால் வேறு செட்டுகள் கிடைக்கும்.

வயதா, காலமா, செட்டா?

பெயரைவிட முக்கியமானது அந்தப் பெயரை வைத்துச் செய்யும் வாதம். ‘ஜென் இசட் பிள்ளைகள் ஒரு வேலையில் நிலைக்க மாட்டார்கள்’, ‘மில்லினியல்கள் வீடு வாங்க மாட்டார்கள்’ என்று வரும் செய்திகளில் தவறு நுழைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இரண்டு வயதுக் கூட்டங்களுக்கு இடையே ஒரு வேறுபாடு தெரிந்தால், அதற்கு மூன்று விதமான காரணம் இருக்கலாம். நம் ஊரில் எல்லோரும் கேட்ட ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: ‘90ஸ் கிட்ஸுக்குக் கல்யாணமே ஆகவில்லை.’

1. வயது. இந்தப் பேச்சு மீம்களாகப் பரவத் தொடங்கியபோது 90-களில் பிறந்தவர்களில் பலர் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். அந்த வயதில் கல்யாணம் ஆகாதவர்கள் எந்தக் காலத்திலும் நிறையவே இருப்பார்கள். வயது ஏற ஏற இந்த வேறுபாடு தானாகக் கரையும். அப்படியென்றால் இது செட்டின் குணமில்லை.

2. காலம். பெண்கள் கூடுதலாகப் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்கிறார்கள். நிலையான வருமானம் உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்று வீடுகள் கேட்கின்றன. இந்த மாற்றம் 90ஸ் கிட்ஸை மட்டும் தொடவில்லை. மறுமணம் தேடும் 45 வயதுக்காரரையும் தொடுகிறது, இனி வரப்போகும் 2கே கிட்ஸையும் தொடும். இதுவும் ஒரு செட்டுக்கு மட்டும் உரியதல்ல.

3. செட்டு. இது அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களை மட்டும், அவர்கள் வாழ்நாள் முழுக்கத் துரத்தும் காரணம். இங்கே அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சேலம், தருமபுரி, மதுரை மாவட்டங்களின் சில பகுதிகளில் 80-களிலும் 90-களிலும் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டன. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். அதோடு, கருவிலேயே பெண்ணைக் கண்டறிந்து கலைப்பதும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டுகளில் அந்தப் பகுதிகளில் பிறந்த ஆண்களுக்குத் தங்கள் வயதை ஒட்டிய பெண்கள் குறைவு. அவர்களுக்கு 50 வயதானாலும் இந்தக் கணக்கு சரியாகாது.

மூன்றாவது காரணத்தைப் பார்த்த பிறகு அந்த மீம் வேறு மாதிரி தெரிகிறது. பிறக்கவிடப்படாத பெண்களின் கணக்கு அது. ‘90ஸ் கிட்ஸ்’ என்ற பொதுப் பெயரைச் சொல்லிக் கடந்துவிட்டால், எந்த மாவட்டம், எந்த ஆண்டுகள், என்ன காரணம் என்ற மூன்றும் மறைந்துவிடுகின்றன.

சரி, இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரே நேரத்தில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பால் முடியவே முடியாது. இன்று 25 வயதுக்காரரையும் 50 வயதுக்காரரையும் ஒப்பிட்டால் வயதும் மாறுகிறது, பிறந்த ஆண்டும் மாறுகிறது; எது காரணம் என்று சொல்ல வழியில்லை. இன்றைய 25 வயதுக்காரரை, இன்றைய 50 வயதுக்காரர் 25 வயதில் இருந்தபோது எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிட வேண்டும். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே அதே கேள்வியைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். அப்போதும் காலம் என்ற காரணம் நடுவில் நிற்கும். நடப்பு ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு; மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக முடிவாகிவிடுகிறது. அதனால் மூன்றின் பங்கையும் தனித்தனியாகப் பிரிப்பது புள்ளியியலில் பல பத்தாண்டுகளாகத் தீராத சிக்கல். வெளியிலிருந்து கூடுதல் தகவல் கொண்டுவராமல் அதை அவிழ்க்க முடியாது.

செட்டு விளைவு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் கல்லூரி முடித்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், மொத்தமாக வேலைக்கு எடுக்கும். 90-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து அந்தக் கதவு ஏறக்குறைய மூடியது. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் நிரந்தர வேலையைத் தவறவிட்டார்கள். பொருளாதாரம் நிமிர்ந்த பிறகும் நிறுவனங்கள் புதிதாகப் படித்து முடித்தவர்களைத்தான் எடுத்தன. ‘வேலை உறைபனிக் காலத் தலைமுறை’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் நாற்பதுகளை எட்டிய பிறகு, 2019-ல், அரசு அவர்களுக்கென்றே உதவித் திட்டம் அறிவித்தது. எந்தக் கதவு, எந்த ஆண்டுகளில் மூடியது என்று காட்ட முடிகிறது. அதனால் அந்தப் பெயருக்கு எடை இருக்கிறது.

ஆய்வாளர்களின் எதிர்ப்பும் பியூவின் பின்வாங்கலும்

2020-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்களின் நிபுணர் குழு ஒன்று, பணியாளர்களைத் தலைமுறை வாரியாகப் பிரித்து நிர்வகிப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அந்தப் பிரிவுகளுக்கு ஆய்வு ஆதரவு இல்லை என்பது அதன் முடிவு. 2021-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிலிப் கோஹன், இந்தப் பெயர்களைக் கைவிடும்படி பியூ மையத்துக்குத் திறந்த மடல் எழுதினார். 150-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். பியூ 2023 மே மாதம் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது: ஒரே வயதில் இருந்த வெவ்வேறு செட்டுகளை ஒப்பிடப் பழைய தரவு இருந்தால் மட்டுமே தலைமுறை வாரியாக ஆராய்வது, வழக்கமான பெயர்களையும் எல்லைகளையும் எடுத்த எடுப்பில் பயன்படுத்தாமல் இருப்பது. அந்த எல்லைகளை உலகெங்கும் பரப்பிய அமைப்பே இப்படிச் சொன்னது செய்திகளில் போதிய இடம் பெறவில்லை. 1981, 1997 என்ற கோடுகள் மட்டும் இன்னும் அந்த மையத்தின் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நேர்காணலுக்கு வரும் 23 வயதுப் பெண்ணைப் பார்க்கும் முன்பே ‘இவர்கள் எல்லாம் இப்படித்தான்’ என்று முடிவு செய்பவர் கையில் இருப்பது, கணக்கில் நிற்காத ஒரு வகைப்பாடு. ஜாதகம் பார்த்து ஆள் எடுப்பதை நாம் ஏற்க மாட்டோம். பிறந்த ஆண்டைப் பார்த்து எடுப்பதற்கு மட்டும் ஆங்கிலப் பெயர் ஒரு மரியாதையைத் தந்துவிடுகிறது.

மற்ற நாடுகள் எப்படிப் பெயர் வைக்கின்றன?

அமெரிக்க வரிசை மட்டுமே உலகில் உள்ளது என்று நினைக்க வேண்டியதில்லை. சீனாவில் பத்தாண்டுக் கணக்கு: ‘80-க்குப் பின்’, ‘90-க்குப் பின்’, ‘00-க்குப் பின்’. தென்னாப்பிரிக்காவில் 1994 தேர்தலுக்குப் பிறகு பிறந்தவர்கள் ‘சுதந்திரமாகப் பிறந்தவர்கள்’.

தென்கொரியாவின் ‘386 தலைமுறை’ இவற்றில் நுட்பமானது. இன்டெலின் 386 கணினியை நினைவூட்டும் விதமாக 90-களில் வைத்த பெயர். 3 என்றால் முப்பதுகளில் வயது, 8 என்றால் எண்பதுகளில் கல்லூரி, 6 என்றால் அறுபதுகளில் பிறப்பு. ராணுவ ஆட்சிக்கு எதிராக 1987-ல் வீதிக்கு வந்த மாணவர்களைக் குறிப்பது இது. பிறந்த பத்தாண்டு, நிகழ்வு நடந்த பத்தாண்டு, இப்போதைய வயது மூன்றும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. கல்லூரி போனவர்கள் என்ற வரம்பும் இருக்கிறது. வயது ஏறியதும் 486, 586 என்று பெயரையே மாற்றினார்கள். மன்ஹைம் கேட்டது ஏறக்குறைய இதுதான்.

நம் ஊரின் கோடுகள்

தமிழர்கள் ஆண்டுக்கணக்கைவிட நிகழ்வுக் கணக்கில் பழகியவர்கள். 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே சொன்னார்கள். ‘தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ நான் கைக்குழந்தை’ என்று 1964-ஐ வைத்து வயது சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த வழியில் யோசித்தால் தமிழ்நாட்டில் கோடு விழும் இடங்கள் வேறாகத் தெரியும். 1965 மொழிப்போர் ஒன்று. அப்போது கல்லூரியில் இருந்தவர்கள் ஒரு முழுமையான அரசியல் தலைமுறை. அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன்தான் 1967-ல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார். அதே வயதில் காங்கிரஸோடு நின்ற மாணவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே செட்டுக்குள் எதிரெதிர் அணிகள்.

1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இன்னொன்று. பள்ளிக்கு அனுப்பினால் ஒருவேளைச் சாப்பாடு உறுதி என்று ஆன பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும், அதற்கு முன் வளர்ந்தவர்களுக்கும் இடையே உள்ள கோடு, எந்த ஆங்கில எழுத்தையும்விட ஏழை வீடுகளில் ஆழமானது.

மிகக் கூர்மையான கோடு சமீபத்தில் விழுந்தது. 2016-ல் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் கிடைத்தன. 2017-ல் முடித்தவர்களுக்கு நீட். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே ஆண்டுதான் இடைவெளி, இருவரும் ஜென் இசட் என்ற ஒரே பெட்டிக்குள். ஆனால் மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஓர் ஆண்டுதான் எல்லாமும்.

‘90ஸ் கிட்ஸ்’ என்ற பெயருக்கு இந்தக் கூர்மை இல்லை. 90-களில் பிறந்தவர்களா, 90-களில் வளர்ந்தவர்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை. இருந்தாலும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு: வெளியிலிருந்து யாரும் வைக்கவில்லை. ஒரு ரூபாய் நாணய போன், ஆடியோ கேசட், தூர்தர்ஷனில் சக்திமான் என்று தங்களுக்குப் பொதுவான நினைவுகளை அடுக்கி, அந்தச் செட்டே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. டிவி இருந்த வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தவர்களும் அதில் சேர்ந்துகொள்ள முடிகிறது.

நேபாளத்தில் ஜென் இசட் என்ற பெயருக்கு நடந்ததும் இதை ஒட்டியதே. அமெரிக்காவில் அகரவரிசைப்படி வந்த ஒரு பெயரை காத்மாண்டு இளைஞர்கள் கையில் எடுத்துத் தங்கள் பதாகையில் எழுதினார்கள். 26 சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டது, தலைவர்களின் பிள்ளைகள் காட்டிய ஆடம்பரம், வேலையில்லாமல் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போக வேண்டிய நிலை என்று அந்தப் பெயருக்குள் அவர்கள் வைத்த பொருள் முழுவதும் நேபாளத்துடையது. 1997 என்ற கோட்டை அங்கே யாரும் பார்க்கவில்லை. டிஸ்கார்ட் தளத்தில் ஆயிரக்கணக்கில் கூடி விவாதித்து, இடைக்காலப் பிரதமராக அவர்கள் முன்மொழிந்தது முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியை. செப்டம்பர் 12 அன்று அவர் பதவியேற்றார். அவர் பிறந்த ஆண்டு 1952.